சிபாப் மெஷினுக்கு வீட்டிலேயே சூடான ஹ்யூமிடிஃபயர் செய்யலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மைக்கு 61 வயது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று நாகர்கோவிலில் பரிசோதனை செய்து, ராத்திரி முழுக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதித் தொண்டை மூடாமல் வைக்கும் சிபாப் மெஷினை 11 சென்டிமீட்டர் (தண்ணீர் உயரக் கணக்கில்) அழுத்தத்தில் போடச் சொல்லியிருக்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் மெஷின் கொண்டுவந்து கொடுத்தார், அந்தக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபயர் அதோடு வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் அம்மைக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, மூக்கு அடைக்கிறது, மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறார். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மீன் தொட்டி ஹீட்டரையோ தண்ணீர் சுடவைக்கும் ராடையோ உள்ளே விட்டு, நாமே ஒன்று செய்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

மின்சாரத்தில் சூடாக்கும் ஒன்றை வீட்டில் செய்யாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கேள்வி தவறான கேள்வி இல்லை. ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன், ஒன்பது வருஷமாக நானே சிபாப் போட்டுத்தான் தூங்குகிறேன். நானும் ஒருமுறை செய்து பார்த்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிபாப், ஹ்யூமிடிஃபயர் இரண்டுமே கைவேலையாகத் தொடங்கியவைதான். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், வாக்வம் கிளீனர் மோட்டாரை ஊதுகிற பக்கமாகப் பயன்படுத்தி, நோயாளியின் மூக்கில் காற்றைச் செலுத்தித் தூங்கவைத்தார். அடுத்த வருஷம் அது மருத்துவ இதழில் வந்தது, சிபாப் பிறந்தது. அதற்கும் முன்னால், 1960-களின் கடைசியில் நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆஸ்பத்திரியில், செயற்கை மூச்சில் இருந்த நோயாளிகளுக்காக முதலில் செய்து பார்த்த ஹ்யூமிடிஃபயர், பழம் பதப்படுத்தி வைக்கும் ஒரு கண்ணாடி ஜாடி. ஃபிஷர் அண்ட் பேக்கல் கம்பெனி மூச்சுக் கருவித் தொழிலுக்கு வந்ததே அந்த ஜாடி வழியாகத்தான். ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்து உங்களுக்குத் தோன்றியது அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் அந்த ஜாடிக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்கக் கண்விழித்து நர்சும் டாக்டரும் இருந்தார்கள். உங்கள் வீட்டில் அம்மை மூக்கில் மாஸ்க்கோடு தூங்கிக்கொண்டிருப்பார், நீங்களும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இதைப் பார்த்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

நுரையீரலுக்குள் போய்ச் சேரும்போது ஒவ்வொரு லிட்டர் காற்றிலும் 44 மில்லிகிராம் நீராவி இருக்கும். 37 டிகிரிச் சூட்டில் காற்று ஏந்தக்கூடிய முழு அளவு அதுதான். வெளியில் இருக்கும் காற்றில் அவ்வளவு ஈரம் கிடையாது. மீதியைச் சேர்ப்பது மூக்கு. நம் ஊரில் ஏசி போடாத அறை, 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் லிட்டருக்கு 22, 23 மில்லிகிராம் ஏற்கெனவே இருக்கும். அதே வீட்டில் ஏசியை 24-ல் வைத்து, ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், 11 மில்லிகிராம்தான். சரிபாதி.

11 சென்டிமீட்டர் அழுத்தத்தில் மாஸ்க்கின் வெளியேற்று ஓட்டை வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 லிட்டர் காற்று போய்க்கொண்டே இருக்கும். எட்டு மணி நேரத்தில் 16,800 லிட்டர். அந்தக் காற்றுக்கெல்லாம் லிட்டருக்கு 11 மில்லிகிராம் கூட்டிக் கொடுக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 185 மில்லி. ஒரு டம்ளர். ஏசி அறைக்கும் ஏசி இல்லாத அறைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம், அம்மையின் மூச்சைப் பொறுத்தவரை, ராத்திரிக்கு அந்த ஒரு டம்ளர் தண்ணீர்தான். ஏசி வேலை செய்யும்போது வெளியே குழாயில் சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு வாளி வைத்துப் பாருங்கள். அறையிலிருந்து எவ்வளவு ஈரத்தை அது உறிஞ்சி வெளியே தள்ளுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். (அந்தத் தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது, ஹ்யூமிடிஃபயரில் ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஏசி காயிலில் படிந்த தூசியும் பூஞ்சையும் கழுவி வரும் தண்ணீர் அது. வேண்டாம்.)

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நீண்ட கடற்கரையும் உண்டு. குளச்சலிலோ கருங்கலிலோ ஜன்னலைத் திறந்து வைத்துப் படுப்பவருக்கு, குளிர்நாட்டுக்காரர் ஹ்யூமிடிஃபயர் போட்டுப் பெறுகிற ஈரத்தின் பெரும்பகுதி சும்மாவே கிடைக்கிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே காற்றோடு தூசியும் வரும், மெஷினின் ஃபில்டரை வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மற்றபடி, நம்மூரில் ஒருவர் சிபாப் போட்டுத் தொண்டை காய்கிறது என்றால் நான் அறைக் காற்றை இரண்டாவதாகத்தான் சந்தேகப்படுவேன். முதல் சந்தேகம் வாய்.

இதைக் கவனமாகப் படியுங்கள். மூக்கு ஈரத்தைக் கொடுப்பது மட்டும் செய்யாது, திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யும். உள்ளே போகும் காற்றுக்கு ஈரம் கொடுக்கும்போது மூக்கின் உள்தோல் குளிர்கிறது. வெளியே வரும் சூடான மூச்சு அந்தக் குளிர்ந்த தோலில் பட்டு, கொடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறது. அம்மை தூக்கத்தில் வாயைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? மெஷின் தள்ளும் காற்று மூக்கில் நுழைந்து வாய் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஒருவழிப் பாதை. மூக்கு கொடுத்துக்கொண்டே இருக்கிறது, திரும்ப எதுவும் வருவதில்லை. சில மணி நேரத்தில் உள்தோல் காய்ந்து வீங்குகிறது, மூக்கு அடைக்கிறது, அடைத்ததும் வாய் இன்னும் அகலமாகத் திறக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு நாக்கு ஒட்டுவதும் மூக்கு அடைப்பதும் சேர்ந்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, எனக்கு அதைப் படித்ததும் இதுதான் தோன்றியது.

வாய் ஏன் திறக்கிறது என்று பாருங்கள். அம்மைக்குத் தட்டுப்பல் உண்டா? ராத்திரி கழற்றி வைத்தால் தாடை உள்வாங்கி வாய் எளிதாகத் திறந்துகொள்ளும். தும்மல், மூக்கடைப்பு பகலிலும் உண்டா? ஈரமான நம்மூர்ச் சுவர்களில் பூஞ்சையும், மெத்தை தலையணையில் தூசிப் பூச்சியும் பெருகுவது சாதாரணம். மூக்கு அலர்ஜி இருந்தால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜிலோ உங்களுக்குத் தெரிந்த காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ காட்டி மூக்கை முதலில் திறக்க வழி பண்ணுங்கள். படுக்கப் போகும் முன் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு இரண்டு பக்கமும் விடலாம். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் மாத்திரைகள், சில மனநல மாத்திரைகள், நீர் போக்கும் பிரஷர் மாத்திரைகள், இவையெல்லாம் வாயைக் காயவைக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் காயும். நிறுத்தச் சொல்லவில்லை, டாக்டரிடம் கேளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு வாய் திறந்தே இருந்தால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறலாம். தாடைப் பட்டை சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. வாயில் பிளாஸ்டர் ஒட்டும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மூக்கு அடைத்து, கரண்டும் போய் மெஷின் நின்றால் அவருக்கு மூச்சுக்கு வழி இருக்காது.

இனி உங்கள் பாட்டில். உங்களுக்கு வேண்டிய 185 மில்லியை எட்டு மணி நேரத்தில் ஆவியாக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் தெரியுமா? தொடர்ந்து 15 வாட். நாம் முன்பு படுக்கையறையில் போட்ட பழைய ஜீரோ வாட் பல்பு இழுத்த அளவு. நீங்கள் போட நினைக்கும் ராடு 1000 வாட். 30 டிகிரியில் இருக்கும் 300 மில்லி தண்ணீரை அது ஒன்றரை நிமிடத்தில் கொதிக்கவைக்கும், அடுத்த 11 நிமிடத்தில் பாட்டிலை வற்றவைத்துவிடும். அந்த 11 நிமிடமும் மெஷின் கொதிநீராவியை அம்மையின் முகத்தில் ஊதும். அதற்குப் பிறகு காய்ந்த ராடு பழுக்கும், பாட்டில் வெடிக்கும் அல்லது மூடி உருகும். உருகும் பிளாஸ்டிக்கின் புகை நேராக நுரையீரலுக்குப் போகும்.

மீன் தொட்டி ஹீட்டர் சிறியதுதானே என்பீர்கள். அது முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும்படி செய்யப்பட்ட கண்ணாடிக் குழாய். ராத்திரி தண்ணீர் குறையக் குறையத் தலை வெளியே வரும், சூடான கண்ணாடி விரிசல் விடும், உள்ளே 230 வோல்ட். அந்தத் தண்ணீரையும் அம்மையின் முகத்தையும் இணைப்பது உள்பக்கமெல்லாம் ஈரம் படிந்த ஒரு குழாய். கம்பெனி ஹ்யூமிடிஃபயரில் தண்ணீருக்குள் கரண்ட் வயர் எதுவும் போகாது. அடியில் ஒரு உலோகத் தகடு, அதற்குக் கீழே குறைந்த வோல்டேஜில் இயங்கும் ஹீட்டர், சூடு அளக்க சென்சார், அது கெட்டால் துண்டிக்கத் தனியாக இன்னொன்று. டப்பா வற்றினாலும் தகடு ஓரளவுக்கு மேல் சூடேறாது. பார்க்கச் சாதாரண டப்பா மாதிரி இருக்கும், காசு அந்த இரண்டாவது துண்டிப்பானுக்கும் பிளாஸ்டிக்கின் தரத்துக்கும்தான் போகிறது.

பிளாஸ்டிக்கைப் பற்றி ஒன்று. 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் கம்பெனி தன் சிபாப் மெஷின்களை லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்திருந்த ஃபோம் பொடிந்து துகளாகவும் வாயுவாகவும் மூச்சில் கலக்கலாம் என்பது காரணம். சோதனைச்சாலைகள் வைத்திருந்த கம்பெனிக்கே அந்த நிலை. ராத்திரி முழுக்கச் சூட்டிலும் ஈரத்திலும் இருக்கும் ஒரு டப்பாவையும், எம்-சீலையும், சிலிக்கான் பசையையும் நாம் வீட்டில் எதை வைத்துச் சோதிப்போம்?

பன்னிரண்டு வோல்ட்டில் செய்தால் ஷாக் இல்லையே என்று யோசிப்பவர்கள் இருப்பார்கள். நான் செய்தது அதுதான். மூடி இறுகும் டப்பா, பன்னிரண்டு வோல்ட் ஹீட்டர் பேடு, ஒரு தெர்மோஸ்டாட். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரிந்தது. இரண்டு விஷயத்தில் தவறிவிட்டேன். ஒன்று, டப்பா மூடியில் கண்ணுக்குத் தெரியாத கசிவு. மெஷின் தன் வாயில் சரியான அழுத்தம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது, மாஸ்க்கில் அது குறைந்திருந்தது. இரண்டு வாரம் நான் சிபாப் போட்டும் குறட்டை விட்டேன், பகலில் தூங்கி வழிந்தேன். மனைவி சொல்லித்தான் தெரிந்தது. மற்றொன்று, டப்பாவை மெஷினைவிட உயரமான தட்டில் வைத்திருந்தேன். ஒரு ராத்திரி தூக்கத்தில் குழாயை இழுத்ததில் டப்பா சாய்ந்து, தண்ணீர் முழுவதும் மெஷினுக்குள் இறங்கிவிட்டது. மோட்டார் போயிற்று. புது ஹ்யூமிடிஃபயரைப் போல மூன்று மடங்கு செலவு வைத்தது அந்த ராத்திரி.

தானாக அழுத்தம் மாற்றும் மெஷின் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. மூச்சின் ஓட்டத்தில் வரும் சின்னச் சின்ன மாற்றங்களை வைத்துத்தான் அது மூச்சு நின்றதா, தொண்டை அடைத்ததா என்று முடிவு செய்கிறது. நடுவில் ஒரு பெரிய டப்பாவை வைத்தால் அந்த மாற்றங்கள் மழுங்கிப் போய்ச் சேரும்.

ஆக்ஸிஜன் சிலிண்டரில் மாட்டும் குமிழி பாட்டிலையும் சிலர் கேட்கிறார்கள். கொரோனா இரண்டாம் அலையில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த பாட்டில் அது. அதில் காற்றுக் குழாய் தண்ணீருக்குள் 5 சென்டிமீட்டர் மூழ்கி இருந்தால், காற்று வெளியே வர 5 சென்டிமீட்டர் அழுத்தத்தை அங்கேயே செலவழிக்க வேண்டும். அம்மைக்கு 11-க்குப் பதில் 6-தான் போய்ச் சேரும். சிபாப்புக்குத் தண்ணீரின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும் அமைப்புதான் சரி. புகை மாதிரி ஆவி விடும் அல்ட்ராசானிக் கருவியைக் குழாயில் சேர்ப்பது இதைவிட ஆபத்து. அது ஆவி கிடையாது, பொடித்துளித் தண்ணீர். தண்ணீரில் உள்ள உப்பும் கிருமியும் அப்படியே ஏறி நுரையீரலுக்குப் போகும்.

சூடு இல்லாமல் செய்யலாமா? செய்யலாம், ஆனால் பாட்டிலை ஓட்டை போட்டு வேண்டாம். வெண்டிலேட்டருக்குப் பயன்படுத்தும் ஹ்யூமிடிஃபயர் சேம்பர் மருத்துவக் கருவி விற்பவர்களிடம் தனியாகவே கிடைக்கும். அதன் வாய்கள் 22 மில்லிமீட்டர், சிபாப் குழாயும் அதே அளவுதான், பசை வேண்டாம். மெஷினிலிருந்து அதற்கு ஒரு சிறு குழாய், அங்கிருந்து மாஸ்க்குக்கு வழக்கமான குழாய். சேம்பர் மெஷினைவிடத் தாழ, மெத்தையைவிடவும் தாழ, தரையில் ஒரு அகலமான சருவத்துக்குள் அசையாமல் நிற்கட்டும். டாக்டரிடமோ தூக்கப் பரிசோதனை செய்தவர்களிடமோ சொல்லிவிட்டு, அழுத்தத்தை ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லி, அதன் பிறகு பயன்படுத்துங்கள்.

இதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்கவும் கூடாது. மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால். சேம்பர் தண்ணீரும் அப்படியே குளிரும், குளிரக் குளிர ஆவியும் குறையும். ஹீட்டர் வைப்பதே அந்த இழந்த சூட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான். சருவத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி சேம்பரை அதில் நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு நல்ல பலன் இருக்கும், பிறகு ஆறிவிடும். படுத்ததும் காய்கிறது என்பவர்களுக்கு அது போதும். மூன்று மணிக்குக் காயும் உங்கள் அம்மைக்குப் போதாது.

வாயையும் ஏசியையும் சரிசெய்த பிறகும் காய்ந்தால், அந்த மெஷினுக்கு உரிய ஹ்யூமிடிஃபயரையே வாங்குங்கள். துபாயில் வாங்கிய மாடல் எண்ணை அண்ணனிடம் கேட்டால் அங்கேயே கிடைக்கும். அந்த மாடலுக்குக் கிடைக்காவிட்டால் எந்த மெஷினோடும் சேரும் தனி ஹ்யூமிடிஃபயர்களும் உண்டு. பழையது வாங்குவதானால் தண்ணீர் டப்பாவை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

வாங்கிய பிறகு ராத்திரியில் குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று சத்தம் போடும், முகத்தில் தெறிக்கும். பயப்பட வேண்டாம். இட்லிக் கொப்பரை மூடியில் தண்ணீர் கோத்து நிற்பதுபோல, சூடான ஈரக்காற்று ஏசியில் குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிறது. ஹ்யூமிடிஃபயர் சூட்டை ஒரு படி குறையுங்கள், ஏசியை 27-ல் வைத்து ஃபேன் போடுங்கள், குழாய்க்குப் பழைய வேட்டித் துணியில் ஒரு உறை தைத்துப் போடுங்கள். அம்மை போர்வைக்குள்ளே குழாயை விட்டுக்கொண்டாலும் சரி. மெஷின் தலைமட்டத்துக்குக் கீழே இருந்தால் கோத்த தண்ணீர் டப்பாவுக்கே திரும்பி ஓடிவிடும்.

தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர், மருந்துக் கடையில் வாங்கியது. கடலோரத்துப் போர் தண்ணீரில் உப்பு, தகட்டில் வெள்ளையாகப் படியும். குலசேகரம் பக்கத்துக் கிணற்று வெள்ளம் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் கிருமி உண்டு. கிடைக்காத நாளில் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் ஓரிரு நாளைக்குப் போதும். காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், அதன் மேலேயே ஊற்றி நிரப்பக் கூடாது. இளஞ்சூட்டில் தேங்கிய தண்ணீர் லீஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்கு மிகவும் பிடித்த இடம். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள், வாரம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். விக்ஸ், யூகலிப்டஸ் தைலம், துளசி, எதையும் அதில் போடக் கூடாது. ஆவி பிடிப்பது பத்து நிமிஷம், இது எட்டு மணி நேரம்.

கரண்ட் விஷயமும் நம் மாவட்டத்தில் பேசியாக வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்துப் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது நினைவிருக்கும். ஹீட்டர் இல்லாத சிபாப் மட்டும் இன்வெர்ட்டரில் மிகக் குறைவாகத்தான் இழுக்கும், ஹீட்டர் சேர்ந்தால் பல மடங்காகும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் ஹ்யூமிடிஃபயரை அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓட்டுங்கள். மழை ராத்திரியில் காற்றில் ஈரத்துக்குக் குறைவிருக்காது.

இப்போதைக்கு நான்கு ராத்திரி இதைச் செய்யுங்கள். முதல் இரண்டு ராத்திரி ஏசி இல்லாமல், அடுத்த இரண்டு ராத்திரி ஏசியை 24-ல் வைத்து. ஒவ்வொரு காலையும் மெஷின் திரையில் கசிவு என்று காட்டும் எண்ணையும், எத்தனை மணிக்கு மாஸ்க்கைக் கழற்றினார் என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு ராத்திரி மூன்று மணிக்கு நீங்கள் எழுந்து, விளக்குப் போடாமல் அம்மையின் வாய்க்கு நேரே புறங்கையை வைத்துப் பாருங்கள், காற்று வருகிறதா என்று. தட்டுப்பல் விஷயத்தையும் அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மாஸ்க்கை மாற்றுவதா, ஹ்யூமிடிஃபயர் வாங்குவதா என்று சொல்கிறேன்.